சம்பளம் வாங்காத முத்துலிங்கம்

கிளிநொச்சியில் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கிருசாந்தன் கேட்ட முதல் கேள்வி, "ஆள் கலியாணம் முடிச்சிட்டாரோ?" என்பதுதான்.

அவனில் பிழை இல்லை. விமலேஸ்வரி துப்பறியும் நிலையத்துக்கு வருகிற வேலைகளில் முக்கால்வாசி கலியாண விசாரணை. ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ பெண்வீட்டார் தொலைபேசி எடுப்பார்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, முன்கோபமா, முன்னே ஏதும் காதல் இருந்ததா என்று கேட்பார்கள். கிருசாந்தன் ஊருக்குள் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் மூன்று தலைமுறைக் கதையும் கையில் இருக்கும். முல்லைத்தீவு பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து பழகிய வாய் அது. மிச்சக் காசு கேட்டுச் சண்டைக்கு வந்தவர்களையே சிரிக்கவைத்து இறக்கிவிட்ட வாய்.

விமலேஸ்வரி வேறு ரகம். காப்புறுதிக் கம்பனியில் நட்டஈட்டு விசாரணை செய்தவர். கடை எரிந்துபோனது என்று யாராவது அழுதுகொண்டு வந்தால் நெருப்பு எங்கே பிடித்தது என்று அவர் தேடமாட்டார். முதல் நாள் கடையிலிருந்து எதெது வெளியே போனது என்றுதான் கேட்பார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை இருவரும் தவராசாவின் குளிரூட்டிய அறையில் இருந்தார்கள். தவராசா அந்தக் கட்டட வரைபடக் கம்பனியின் கிளிநொச்சி முகாமையாளர். கம்பனியின் தலைமையகம் ஒஸ்லோவில். அங்கே கட்டுகிற வீடுகளுக்கு இங்கே நாற்பது இளம் ஆட்கள் கணினியில் படம் கீறுகிறார்கள். வெளியே சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்க, உள்ளே பனி வழிந்து போகிற மாதிரிக் கூரைக்குச் சரிவு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"உங்களுக்கே தெரியாத ஆள் உங்கட கந்தோரில எட்டு மாசம் வேலை செய்திருக்கிறாரோ?" விமலேஸ்வரி கேட்டார்.

"சும்மா வேலையில்லை தங்கச்சி. முதலாம் இடம்! முத்துலிங்கம் எண்டு பேர். இந்த அரை வருசத்தின்ர சிறந்த ஆள் அவர்தானாம். இண்டைக்குப் பின்னேரம் ஒஸ்லோவில இருந்து எங்கட மேலதிகாரி ரஜிதா மேடம் வீடியோவில வருவா. ஆளைக் கமராவுக்கு முன்னால இருத்தச் சொல்லிப்போட்டா."

"இருத்துங்கோவன்."

"ஆள் இருந்தால்தானே இருத்துறதுக்கு! எங்கட கந்தோரில முத்துலிங்கம் எண்டு ஒருத்தரும் இல்லை."

"அப்ப அவற்ற சம்பளம் ஆருக்குப் போகுது?"

"ஒருத்தருக்கும் போகேல்லை. அவருக்குச் சம்பளமே இல்லை. அதுதான் எனக்கு நித்திரை வருகுதில்லை."

கிருசாந்தன் முன்னே சாய்ந்தான். "களவெடுக்காத கள்ளனைப் பிடிக்க எங்களைக் கூப்பிட்டிருக்கிறியள். நல்ல விசயம் சேர். ஆபத்து இல்லாத வேலை."

தவராசாவின் தொலைபேசி அடித்தது. "மேசன், நான் மத்தியானம் சாப்பிட்டிட்டுப் பரந்தனுக்கு வாறன். வழமையான நேரம்தான். அதுக்கு முந்திக் கொங்கிறீற் கலக்கிப்போடாதேங்கோ," என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்துவிட்டு, முகத்தை மறுபடி கவலைக்கு மாற்றினார். "இது ஆற்ற வேலை எண்டு எனக்குத் தெரியும். யதுர்ஷிகா. ஆருக்கு எந்த வேலை எண்டு திட்டம் போடுறது அந்தப் பிள்ளைதான். அவவை நிப்பாட்டவேணும் எண்டு காலமையே மேடத்துக்கு எழுதிப்போட்டன். உங்கட அறிக்கை ஒண்டு கிடைச்சால் 'மோசடி' எண்டு கடிதத்தில போட்டுக் குடுத்திடுவன்."

விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. இனி விசாரணை ஒரு மரியாதைக்கு.

வெளியே பெரிய மண்டபத்தின் சுவரில் ஒரு நீளத் திரை. நாற்பது பேரின் பெயர்களும், பெயருக்குப் பக்கத்தில் நிறம் நிறமாகக் கட்டங்களும். அந்த மென்பொருளுக்கு ஒஸ்லோவில் ஒரு பெரிய பெயர் இருக்கலாம். இங்கே பொடியள் அதற்கு வைத்த பெயர் மணியகாரன். மணியகாரனின் கண்ணில் மனிதர் என்று யாரும் கிடையாது, 'வளம்' மட்டுமே உண்டு. ஒரு வளத்துக்கு ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம். எட்டும் நிரம்பியிருந்தால் கட்டம் மஞ்சள். எட்டைத் தாண்டினால் சிவப்பு. உடனே ஒஸ்லோவுக்கு மின்னஞ்சல் போய், வளத்தை ஏன் வருத்துகிறீர்கள் என்று விளக்கம் கேட்டு வரும். வேலை இல்லாவிட்டால் பச்சை. ஆள் சும்மா இருக்கிறார், எதையும் தலையில் கட்டலாம் என்று அர்த்தம். காய்ச்சலில் கிடக்கிற வளத்துக்கும் செத்தவீட்டுக்குப் போன வளத்துக்கும் மணியகாரனிடம் நிறம் இல்லை.

"பஸ்ஸில நாங்கள் தலைக்கணக்கு எண்டாவது சொல்லுவம் அக்கா," என்றான் கிருசாந்தன். "இங்க தலையும் இல்லை."

யதுர்ஷிகா எழுந்து நின்றாள். மெலிந்த பெண். கண் இரண்டும் அழுது முடித்த கண்கள். காலைக் கடிதத்தின் கதை அவளுக்கு எட்டியிருந்தது.

"முத்துலிங்கம் ஆர் தங்கச்சி?" விமலேஸ்வரி மெதுவாகத்தான் கேட்டார்.

"வேலை எல்லாம் ஒழுங்கா நடந்ததுதானே அக்கா. ஒரு படமும் பிந்தினதில்லை."

"நான் அதைக் கேக்கேல்லை."

"அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லமாட்டன். வேலை போனால் போகட்டும்." சொல்லும்போதே குரல் உடைந்தது. இந்த வேலை போனால் இப்படி இன்னொரு கந்தோர் கிளிநொச்சியில் கிடையாது. கொழும்புக்குப் போகவேண்டும், நடக்கமாட்டாத தாயைத் தனியே விட்டுவிட்டு. மோசடி என்று கடிதத்தில் ஏறினால் கொழும்பும் இல்லை. அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். கிருசாந்தனுக்குப் பகிடி ஒன்று வாய்வரை வந்தது. அதை அவன் விழுங்கிக்கொண்டான்.

"முத்துலிங்கம் எப்பெப்ப வேலை செய்தவர் எண்டாவது காட்டுங்கோ."

அவள் ஒரு பொத்தானை அமத்தினாள். எட்டு மாதமும் திரையில் மேடும் பள்ளமுமாக விரிந்தது. விமலேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"எந்த ஊர் தங்கச்சி நீங்கள்?"

"வட்டக்கச்சி."

"நாங்கள் போட்டு வாறம்."

மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது கிருசாந்தன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "என்ன அக்கா கண்டனீங்கள்?"

"ஐப்பசியில முத்துலிங்கத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. மார்கழியில கொஞ்சம் ஓய்வு. மாசியில திரும்பவும் முறிஞ்சு வேலை செய்திருக்கிறார். அது என்ன தம்பி?"

"விதைப்பும் அறுவடையும்!"

"இன்னொண்டு. அந்த மண்டபத்தில இருக்கிற பேர்களைப் பாத்தனியோ?"

"பிரசாந்தன், விஜிதரன், சுதாஜினி..."

"அதுக்குள்ள ஒரு முத்துலிங்கம். அந்த வயசில ஆருக்கடா முத்துலிங்கம் எண்டு பேர்? பொய்க்கு ஒரு ஆளை உண்டாக்கிறவை ஸ்டைலா ஒரு பேர்தான் வைப்பினம். இந்தப் பேரை வைக்கிறதெண்டால் அப்பிடி ஒரு ஆள் உண்மையா இருக்கவேணும். உயிரோட, அறுவது வயசில."

வட்டக்கச்சியில் தேத்தண்ணிக் கடையில் விசாரிக்க, கடைக்காரர் கையால் திசை காட்டினார். காட்டும்போதே வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கிருசாந்தன் அதைக் கவனித்தான். பெயரைச் சொன்னதும் ஊரே சிரிக்கிற மாப்பிள்ளைகள் எத்தனை பேரை அவன் கண்டவன்.

முத்துலிங்கம் மாமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் கிடந்தார். வாய்க்கால் வேலிக்கு அப்பால் மூன்று பேர் இடுப்பொடிய அவருடைய வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வெயில் படாமல் இருக்கவேண்டுமே என்ற கவலை முத்துலிங்கத்தின் முகத்தில் தெரிந்தது. எழும்புகிற அளவுக்கு இல்லை.

"ஓம், முத்துலிங்கம் நான்தான். மானியம் குடுக்கிற ஆக்களோ?"

"இல்லை ஐயா. உங்களுக்கு ஒரு பரிசு வந்திருக்கு," என்றான் கிருசாந்தன். "கிளிநொச்சியிலயே கடுமையா வேலை செய்த ஆள் நீங்கள்தானாம்."

முத்துலிங்கம் தலையைத் திருப்பிப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். "ஆர், நானோ?"

குசினிக்குள் ஒரு சட்டி விழுந்தது. அவருடைய மனைவி சிவலட்சுமி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, என்ன சொன்னனீ? திருப்பிச் சொல்லு."

"ஐயா ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்திருக்கிறார் அம்மா. எட்டு மாசமா."

சிவலட்சுமி சிரிக்கத் தொடங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். வரம்பு கட்டிய மூவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னவென்று விசாரிக்க, அவர் இங்கிருந்தே சத்தமாகச் சொல்ல, வயலும் சிரித்தது.

"ஐயோ பிள்ளை," என்று விமலேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மிசின் வந்தாப் பிறகும் வரம்பு கட்ட, நெல்லுக் காயவிட, மூட்டை ஏத்த ஆள் வேணும். இந்தப் பக்கம் அதுக்கு ஆள் மாறித்தான் வேலை. இண்டைக்கு நீ என்ர வயலில நிண்டால் நாளைக்கு நான் உன்ர வயலில நிப்பன். இவர் எல்லாரையும் கூப்பிடுவார். திருப்பிக் குடுக்கிற நாள் வந்தால் இவருக்கு இடுப்பை அசைக்கேலாத நாரிப்பிடிப்பு வந்திடும்."

"மெய்யாத்தான் பிடிக்கிறது," என்றார் முத்துலிங்கம் கதிரையிலிருந்து.

"அதால, ஆராவது செய்த வேலையைப் போட்டுவைக்க ஒரு இடமும் இல்லாமல் போனால், 'முத்துலிங்கத்தின்ர கணக்கில போடுங்கோ' எண்டு சொல்லுறது இந்த ஊர் வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளையளும் சொல்லுங்கள். முப்பது வருசமா எனக்கு இந்த மானக்கேடு."

விமலேஸ்வரி எழுந்துவிட்டார். "போதும் அம்மா. வந்த வேலை முடிஞ்சுது."

"தங்கச்சி," என்று முத்துலிங்கம் கூப்பிட்டார். "அந்தப் பரிசை ஆராவது கொண்டுவந்து தருவினமோ, நான் வரவேணுமோ?"

அவர்கள் திரும்பி வந்தபோது தவராசா அறையில் இல்லை. குளிரூட்டி மட்டும் கடமையில் இருந்தது. விமலேஸ்வரி யதுர்ஷிகாவை அந்த அறைக்குள்ளேயே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முத்துலிங்கத்தைக் கண்டம். நல்ல மனிசன். கதிரையில இருந்தவர்."

யதுர்ஷிகா ஒரு கணம் விழித்தாள். பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதன்பின் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"கம்பனி தொடங்கேக்க, உள்ளூர் விடுமுறை எண்ட இடத்தில 'இல்லை' எண்டு சேர் போட்டவர் அக்கா. எங்கட ஆக்கள் லீவே எடுக்காயினம் எண்டு மேடத்துக்குப் பெருமையாச் சொன்னவராம். ஆனால் இங்க பாதிப் பேருக்கு வயல் இருக்கு. ஐப்பசியில போகாமல் இருக்கேலுமோ? ஒருத்தர் போனால் மற்ற ஆக்கள் பின்னேரம் நிண்டு அவற்ற படத்தையும் கீறுவம். அவர் வந்து எங்களுக்காக நிப்பார். வயலில செய்யிற மாதிரித்தான். ஆனால் அதை எங்கட பேரில போட்டால் சிவப்பு விழுந்திடும். உடன ஒஸ்லோவில இருந்து கேள்வி. செய்த வேலையைப் போட இடமில்லை. அதான்..."

"முத்துலிங்கத்தின்ர கணக்கில போட்டனீங்கள்."

"பகிடிக்குத்தான் போட்டனான். அவர் இப்பிடிப் பரிசு எடுப்பார் எண்டு ஆருக்குத் தெரியும்?"

கதவு திறந்தது. தவராசா வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். காற்சட்டை ஓரத்தில் சீமெந்துப் பொட்டு. யதுர்ஷிகாவின் முகத்தைப் பார்த்ததும் விசயம் விளங்கிவிட்டது அவருக்கு.

"ஒத்துக்கொண்டிட்டாவோ? நான் அப்பவே சொன்னனான்! தங்கச்சி, இப்பவே எழுதித் தாங்கோ. பொய் ஆள், பொய்க் கணக்கு எண்டு."

"ஆள் பொய்தான். கணக்குப் பொய்யில்லை," என்றார் விமலேஸ்வரி. "ஒவ்வொரு மணித்தியாலமும் ஆரோ உண்மையா வேலை செய்த மணித்தியாலம். அதுசரி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தக் கணக்கைப் பாத்து 'எல்லாம் சரி' எண்டு அமத்தினது ஆர்?"

தவராசா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "நாற்பது பேரின்ரையும் ஒவ்வொண்டா வாசிக்கேலுமோ?"

"வாசிக்காமல் அரை வருச மதிப்பீட்டில முத்துலிங்கத்தைப் பற்றி எப்பிடி எழுதினனீங்கள்? தங்கச்சி, வாசியுங்கோ."

யதுர்ஷிகா மேசைக் கணினியின் திரையைப் பார்த்து வாசித்தாள். "'நேரில் பழகுவதற்கு இனிமையானவர். நானே பயிற்றுவித்தேன்.'"

கிருசாந்தன் எழுந்து தவராசாவுக்குக் கை கொடுத்தான். "நல்லா வளர்த்திருக்கிறியள் சேர்."

"அது எல்லாருக்கும் எழுதுறதுதான்," என்றார் தவராசா. "அதுக்காக இவ செய்தது சரியோ?"

"இனித்தான் எனக்கு விளங்காத இடம் ஒண்டு இருக்கு," என்று விமலேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐப்பசி விளங்குது, மாசி விளங்குது. ஆனால் சித்திரையில விதைப்பும் இல்லை, அறுவடையும் இல்லை. வயல் காய்ஞ்சு கிடக்கு. அப்பவும் முத்துலிங்கம் நாள்தவறாமல் வேலை செய்திருக்கிறார். அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு மட்டும். சித்திரை வெயிலில நாள்தவறாமல் வெளிய போற கமக்காரன் ஆர்? தங்கச்சி, முத்துலிங்கம் செய்த வேலை எல்லாம் முதல் ஆற்ற பேரில இருந்தது எண்டு பிரிச்சுக் காட்டுங்கோ."

யதுர்ஷிகாவின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அவள் தவராசாவைப் பார்க்கவில்லை.

"அமத்துங்கோ. நீங்கள் காலமை முழுக்க மூடி வைச்சது இதைத்தானே."

அமத்தினாள். திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் இருபது பேரின் பெயர்கள் சின்னச் சின்னதாக நெருக்கிக்கொண்டு கிடந்தன. மறு பாதி முழுவதையும் ஒரே பெயர் பிடித்திருந்தது. தவராசா. வரைபடம் சரிபார்த்தல் தவராசா, வாராந்த அறிக்கை தவராசா, ஒஸ்லோவுக்குப் பதில் தவராசா.



"பரந்தனில வீடு எவ்வளவு எழும்பியிருக்கு அண்ணை?" விமலேஸ்வரி அன்பாகக் கேட்டார்.

தவராசா குனிந்து காற்சட்டை ஓரத்துச் சீமெந்தைத் தட்டத் தொடங்கினார்.

"மற்றவை ஒரு நாள் எடுத்தால் ஒரு நாள் திருப்பிக் குடுத்திருக்கினம். எட்டு மாசத்தில எடுத்ததை ஒருக்காலும் திருப்பிக் குடுக்காத ஆள் ஒருத்தர்தான். என்ன தேடச் சொன்னனீங்கள் அண்ணை? முத்துலிங்கத்தைத்தானே? நீங்கள்தான் முத்துலிங்கம்."

"ஏன் பிள்ளை நீ இதைச் சொல்லேல்லை?" தவராசா யதுர்ஷிகாவிடம் கேட்ட குரல் இப்போது முகாமையாளரின் குரலாக இல்லை.

"நீங்கள்தானே சேர் என்னை வேலைக்கு எடுத்தனீங்கள். மற்றது, சொன்னால் வயலுக்குப் போன எல்லாற்ற பேரும் வெளிய வரும்."

கிருசாந்தனுக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காலையில் ஒரு மின்னஞ்சலில் முடித்துவிட்டு மத்தியானம் கொங்கிறீற் பார்க்கப் போன மனிதர்! நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் திரையில் ஒஸ்லோ அடித்தது.

ரஜிதா மேடம் கம்பளிச் சட்டையோடு வந்தார். "வணக்கம் தவராசா! எங்க எங்கட முத்துலிங்கம்?"

தவராசா கமராவைப் பார்த்தார், விமலேஸ்வரியைப் பார்த்தார். "மேடம்... அவர் இண்டையோட வேலையை விட்டிட்டார்."

"என்ன! ஏன்?"

கமராவில் தெரியாத மூலையிலிருந்து கிருசாந்தன் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து காட்டினான்.

"நாரிப்பிடிப்பு மேடம்," என்றார் தவராசா.

"ஐயோ பாவம். அளவுக்கு மிஞ்சி வேலை வாங்கிப்போட்டியள்." மேடம் உண்மையிலேயே வருந்தினார். "இந்த ஆளாலதான் கிளிநொச்சி நிக்குது எண்டு இங்க எல்லாரும் சொல்லுவினம். சரி, அவற்ற வேலையை உடன ஆருக்காவது மாத்தவேணும். யதுர்ஷிகா இருக்கிறாவோ? ஆர் பச்சையில இருக்கினம்?"

யதுர்ஷிகா கமராவுக்கு முன்னால் வந்து அட்டவணையைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை மஞ்சள், மஞ்சள், மஞ்சள். உச்சியில் ஒரு வரி மட்டும் விதைத்து ஒரு மாதம் ஆன வயல் மாதிரிப் பசேலென்று கிடந்தது. அவருடைய வேலை முழுவதும் எட்டு மாதமாக வேறொருவரின் பெயரில் நடந்திருக்கும்போது வேறென்ன நிறம் வரும்?

"ஒரே ஒராள்தான் மேடம். எட்டு மாசமா முழுப் பச்சை."

"ஆர் அது?"

"எங்கட தவராசா சேர்."

"அட, பிறகென்ன! முழுவதையும் அவருக்கே போடுங்கோ."

தவராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். விமலேஸ்வரி மேசையில் கிடந்த வெறும் தாளையும் பேனாவையும் அறிக்கை எழுதப்போகிறவர் மாதிரித் தன் பக்கம் இழுத்தார். தவராசா வாயை மூடினார்.

"மேடம்," யதுர்ஷிகாவின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "இன்னொரு விசயம். இங்க ஐப்பசியில விதைப்பு, மாசியில அறுவடை. அந்த நாளுகளில எங்கட ஆக்கள் வயலுக்குப் போவினம். அதைத் திட்டத்தில முதலே போட்டால் ஒரு கரைச்சலும் வராது."

"உள்ளூர் விடுமுறை இல்லை எண்டெல்லோ தவராசா போட்டிருந்தவர்?"

"அது பிழையா அமத்துப்பட்டிட்டுது மேடம்," என்றார் தவராசா.

"அப்ப திருத்துங்கோ. ஓ, தவராசா, யதுர்ஷிகாவை நிப்பாட்டவேணும் எண்டு காலமை எழுதியிருந்தியள். அது என்ன?"

யதுர்ஷிகா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுவும்..." தவராசா நெற்றியைத் துடைத்தார். "அதுவும் பிழைதான் மேடம். அவா இல்லாமல் இங்க ஒண்டும் நடக்காது."

மேடம் போய்விட்டார். யதுர்ஷிகா கதிரையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"பொய் சொல்லிப்போட்டாரே அக்கா, விடுறியளோ?" கிருசாந்தன் காதோடு கேட்டான்.

"எது பொய்? முத்துலிங்கம் இண்டையோட வேலையை விட்டிட்டார்தானே," என்றார் விமலேஸ்வரி, தாளைத் திரும்ப வைத்துவிட்டு.

உச்சி வரியின் பச்சை ஒவ்வொரு கட்டமாக மஞ்சளாகிக்கொண்டு போனது. முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை, திங்கட்கிழமை கொடுக்கவேண்டியது. தவராசா கதிரையைக் கணினிக்குக் கிட்ட இழுத்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையைப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார் கடைசியில், "கோடு கீறுறதுக்கு எதை அமத்துறது?"

"காட்டித் தாறன் சேர்," என்று யதுர்ஷிகா பக்கத்துக் கதிரையில் இருந்தாள். "ஆனால் இந்த அரை மணித்தியாலத்தை என்ர பேரிலதான் போடுவன்."